இடியில் லேன் போர்ட் போய்விட்டதா? புது கார்டு வாங்கும் முன் இதைப் பாருங்கள்

சித்திரை, வைகாசியில் கோடை மழை இறங்கும்போதும் பிறகு ஐப்பசியிலும் மதுரை டவுன்ஹால் ரோட்டுக் கடைகளில் இதே பேச்சுதான்: "இடி இடிச்சதுல நெட் போர்ட் போயிருச்சுண்ணே, ஒரு லேன் கார்டு குடுங்க." ஆயிரம் ரூபாய்க்குள் வேலை முடிந்துவிடும். ஆனால் வாங்கிப் போனவர்களில் சிலர் அடுத்த மழைக்கே திரும்பி வருகிறார்கள், இந்த முறை மதர்போர்டோடு. கார்டை அழுத்திச் செருகு, டிரைவரைப் போடு என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். பணத்தைத் தின்னும் தவறுகளை மட்டும் பார்ப்போம்.

போர்ட் ஏன் போனது என்று பார்க்காமல் கார்டு வாங்குவது

எத்தனை முறை சொன்னாலும் நிற்காத தவறு இது. ஒத்தக்கடை, ஊமச்சிகுளம் மாதிரி புறநகரில் இன்னும் பல வீடுகளுக்கு ஃபைபர் வீடு வரை வருவதில்லை. கம்பத்திலோ பக்கத்து மாடியிலோ இருக்கும் பெட்டியோடு ஃபைபர் நின்றுவிடும். அங்கிருந்து நாற்பது, ஐம்பது மீட்டருக்குச் செம்பு லேன் கேபிள் மொட்டைமாடிகள் மேலே தொங்கிக்கொண்டு வரும், நடுவில் தென்னை மரத்தில் ஒரு கட்டு. இடி அந்தக் கேபிள் மேலேயே விழ வேண்டியதில்லை. சில நூறு மீட்டர் தள்ளி விழுந்தாலே அவ்வளவு நீளக் கம்பியில் ஆயிரக்கணக்கான வோல்ட் தூண்டப்படும். லேன் போர்ட்டுக்குப் பின்னால் இருக்கிற குட்டி டிரான்ஸ்ஃபார்மர் 1500 வோல்ட் ஏசி சோதனையைத் தாங்கும்படி செய்யப்பட்டது. அதற்கு மேலே வந்தால் சிப்புக்குப் பாய்ந்துவிடும்.

இப்போது புது கார்டைப் போட்டு அதே கேபிளைச் செருகினால் என்ன ஆகும்? கார்டு உட்காரும் சின்ன எக்ஸ்1 ஸ்லாட் (பிசிஐ எக்ஸ்பிரஸ்) பெரும்பாலும் மதர்போர்டின் சிப்செட்டோடு, அதாவது போர்டின் முக்கியக் கட்டுப்பாட்டுச் சிப்போடு, இணைந்திருக்கும். மேலே இருக்கிற நீள எக்ஸ்16 ஸ்லாட்டின் தடங்கள் நேராகப் பிராசசருக்கே போகும். முதல் இடியில் லேன் சிப் மட்டும் போனது அதிர்ஷ்டம். அடுத்த இடிக்கு அந்தப் பாதையில் எது பலியாகும் என்று யாரும் சொல்ல முடியாது. யுஎஸ்பி லேன் போட்டால் தப்பிக்கலாம் என்பதும் தவறு. அந்த யுஎஸ்பியும் சிப்செட்டோடோ பிராசசரோடோதான் பேசுகிறது.

எனவே முதலில் இணைப்புக் கொடுத்தவரிடம் ஃபைபரை வீட்டுக்குள்ளேயே கொண்டுவரச் சொல்லுங்கள். கண்ணாடி இழையில் மின்சாரம் ஏறாது. ஆனால் ஃபைபர் டிராப் கேபிளோடு ஒட்டி ஓர் இரும்புக் கம்பி வரும், அதைச் சுவருக்கு வெளியிலேயே வெட்டிவிட வேண்டும். வீட்டுக்குள் ஃபைபர் வந்து முடியும் பெட்டி (ஓஎன்டி) வரைக்கும் அந்தக் கம்பியையும் இழுத்து வந்தால் ஃபைபர் போட்ட பலன் போய்விடும்.

அவர் மறுத்தால், மாடியில் ஒன்று, கம்ப்யூட்டர் அறையில் ஒன்று என்று ஒரு ஜோடி மீடியா கன்வெர்ட்டர் (லேன் சிக்னலை ஒளியாகவும் ஒளியை லேனாகவும் மாற்றும் பெட்டி) வைத்து நடுவில் சிங்கிள்மோட் ஃபைபர் போடலாம். பத்து மீட்டர் இருந்தாலும் போதும். ஒற்றை இழைக் கன்வெர்ட்டர் என்றால் ஒன்று 'ஏ', மற்றது 'பி' என்று பார்த்து வாங்குங்கள். ஒன்று 1310 நானோமீட்டரில் அனுப்பும், 1550-இல் வாங்கும். மற்றது அதற்கு நேர்மாறு. இரண்டும் 'ஏ' ஆக இருந்தால் ஃபைபர் லிங்க் விளக்கே எரியாது. ஃபைபர் செருகும் முனையைப் பாருங்கள்: கன்வெர்ட்டர்களில் பெரும்பாலும் நீலத் தலை, ஓஎன்டி பெட்டிகளில் பச்சைத் தலை. பச்சையின் முனை சாய்வாக வெட்டப்பட்டது. இரண்டையும் மாற்றிச் செருகினால் ஒளி சரியாகச் சேராது, முனையும் கீறும்.

எர்த்தையும் பாருங்கள். ஓஎன்டியின் அடாப்டர் ஒரு பிளக்கிலும் கம்ப்யூட்டர் வேறு அறையின் பிளக்கிலும் இருந்தால், கரண்ட் வழியாக வரும் அதிர்ச்சி ஓஎன்டிக்குள் நுழைந்து குட்டி லேன் வயர் வழியாகக் கம்ப்யூட்டருக்குப் போகும். இரண்டையும் மூன்று பின் உள்ள ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டியில் போடுங்கள். சித்திரை வெயிலில் எர்த் குழி காய்ந்து கிடக்கும். வாரம் ஒருமுறை இரண்டு வாளித் தண்ணீர் ஊற்றுங்கள்.

இடி கேட்டால் சுவிட்சை அணைப்பது மட்டும் போதாது. லேன் வயரைக் கம்ப்யூட்டரிலிருந்து பிடுங்கி வையுங்கள்.

செத்துவிட்டது என்று அவசரமாக முடிவு கட்டுவது

கம்ப்யூட்டரை அணைத்து, பவர் கேபிளைப் பிடுங்கி, பவர் பட்டனை முப்பது விநாடி அழுத்திப் பிடியுங்கள். பிறகு போட்டுப் பாருங்கள். தொங்கிப்போன லேன் சிப் இதிலேயே எழுந்துவிடுவது உண்டு. டிவைஸ் மேனேஜரில் லேன் பெயரே காணோம் என்றால், அல்லது கேபிளை எடுத்த பிறகும் போர்ட் விளக்கு மங்கலாக எரிந்துகொண்டே இருந்தால், அது போனதுதான்.

லிங்க் வேகம் 100 என்று காட்டினால் கார்டைக் குறை சொல்வது

கிகாபிட்டுக்கு (1000 எம்பிபிஎஸ்) லேன் கேபிளின் எட்டு வயரும் வேண்டும். 100 எம்பிபிஎஸ்ஸுக்கு 1, 2, 3, 6 என்று நான்கு போதும். மற்ற நான்கில் ஓர் ஒயரை அணில் கடித்தாலும், கிரிம்ப் செய்யும்போது (முனையில் பிளக்கை அழுத்தும்போது) அவற்றில் ஒன்று சரியாகப் படியாவிட்டாலும் இணைப்பு 100-க்கு இறங்கிவிடும், நெட் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். உடனே ஆளுக்கொரு கிகாபிட் கார்டு வாங்குகிறார்கள், அதுவும் 100 தான் காட்டுகிறது. முதலில் கடையில் கிடைக்கும் இரண்டு மீட்டர் ரெடிமேட் கேட் 5இ கேபிளை ரௌட்டருக்கும் கம்ப்யூட்டருக்கும் நேராகப் போட்டுப் பாருங்கள். 1000 வந்தால் குற்றம் பழைய கேபிளில். வராவிட்டால் ரௌட்டர் போர்ட்டே 100-ஆ என்று, அதன் அடியில் ஸ்டிக்கரில் இருக்கும் மாடல் எண்ணை வைத்துத் தேடிப் பாருங்கள்.

வயர் முனையைப் பிளேடால் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரிகிறதா? அது செம்பு முலாம் பூசிய அலுமினியம். வளைத்து வளைத்துக் கிரிம்ப் செய்யும் இடத்தில் ஒடியும். அந்தச் சுருளில் இனி ஒரு மீட்டர்கூட வாங்காதீர்கள்.

நீல நிற யுஎஸ்பியை நம்புவது

யுஎஸ்பி லேன் அடாப்டரின் முனையில் பிளாஸ்டிக் நீலமாக இருப்பதாலேயே அது யுஎஸ்பி 3.0 ஆகிவிடாது. வாங்கியதும் டிவைஸ் மேனேஜரில் ஹார்டுவேர் ஐடியைத் திறந்து பாருங்கள். ரியல்டெக் சிப்பாக இருந்தால் 8152 என்பது 100, 8153 என்பது கிகாபிட், 8156 என்பது 2.5 கிகாபிட் (2.5 ஜி). பெட்டியில் கிகாபிட் என்று எழுதி உள்ளே 8152 இருந்தால் அன்றே திருப்பிக் கொடுங்கள். சரியான 8153-ஐயும் பழைய கறுப்பு யுஎஸ்பி 2.0 போர்ட்டில் செருகினால் 300 எம்பிபிஎஸ் பக்கத்திலேயே நின்றுவிடும்.

பழைய வெள்ளை பிசிஐ ஸ்லாட்

வேண்டாம். விநாடிக்கு 133 மெகாபைட்டை எல்லா பிசிஐ கார்டும் பங்கு போட வேண்டும். எக்ஸ்1 கார்டு எக்ஸ்4, எக்ஸ்16 ஸ்லாட்டிலும் உட்காரும்.

வைஃபை கார்டில் கூட்டிப்போட்ட எண்

ஏசி1200 என்றால் 2.4 கிகாஹெர்ட்ஸில் 300, 5 கிகாஹெர்ட்ஸில் 867, இரண்டையும் கூட்டி 1200 என்று ஏற்றி எழுதியது. கம்ப்யூட்டர் ஏதாவது ஒன்றில்தான் இருக்கும். இதைவிடப் பெரிய ஏமாற்றம் இன்டெல் ஏஎக்ஸ்201, ஏஎக்ஸ்211. மலிவாகக் கிடைக்கிறதே என்று எடுக்கிறார்கள். வைஃபை வேலையில் பாதியை இன்டெல் சிப்செட்டுக்குள்ளேயே வைத்த கார்டுகள் இவை. ஏஎம்டி போர்டிலும் பழைய இன்டெல் போர்டிலும் செருகலாம், ஓடாது. ஏஎக்ஸ்200, ஏஎக்ஸ்210 தான் பொதுவாக ஓடும். அதிலும் புளூடூத் வேண்டுமென்றால் கார்டோடு வரும் சின்ன வயரை மதர்போர்டில் இருக்கும் ஒன்பது பின் யுஎஸ்பி 2.0 ஹெடரில் மாட்ட வேண்டும்.

2.5 ஜி கார்டு

100 எம்பிபிஎஸ் பிளானுக்குத் தேவையில்லை.

செகண்ட்ஹேண்ட் ஸ்லிம் கேபினட்

அலுவலகங்களிலிருந்து கழித்து வரும் ஒல்லி கம்ப்யூட்டர்களில் கார்டின் முனையில் இருக்கும் முழு நீளத் தகடு நுழையாது. சுமார் எட்டு சென்டிமீட்டர் குட்டித் தகடும் பெட்டியில் இருக்கிறதா என்று கடையிலேயே பிரித்துப் பாருங்கள். தகட்டைத் திருகாமல் கார்டை அப்படியே விட்டால், கேபிளை இழுக்கும்போதெல்லாம் ஸ்லாட் ஆடும்.

கார்டைப் போட்ட பிறகு பழைய சிப்பை மறப்பது

பயாஸில் (விண்டோஸுக்கு முன் திறக்கும் அமைப்புத் திரையில்) மதர்போர்டிலேயே இருக்கும் ஆன்போர்டு லேனை டிசேபிள் செய்யுங்கள். பாதி வெந்த சிப் பூட் ஆகும்போது சிஸ்டத்தை நிறுத்தி வைக்கும், விண்டோஸையும் திணற வைக்கும். பின்பக்கம் அந்தப் பழைய ஓட்டையின் மேல் ஒரு துண்டு இன்சுலேஷன் டேப் ஒட்டிவிடுங்கள். பெருக்கும்போது வயர் கழன்றால், வீட்டில் யாராவது முதலில் அதில்தான் செருகுவார்கள்.