குழந்தையின் டிஸ்சார்ஜ் சம்மரியைப் படிப்பது எப்படி? (38+4 என்றால் 42 இல்லை)

பாலக்கோடு தக்காளி மண்டியில் கணக்கு எழுதுகிறவன் நான். எண்ணைக் கண்டால் கை தானாகக் கூட்டிவிடும். மகள் பிறந்து வீட்டுக்கு வந்த அன்று அந்தப் பழக்கம் என்னைக் கவிழ்த்தது. அப்புறம் குழந்தை மருத்துவரிடம் வரிவரியாகக் கேட்டுத் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

படி 1. சம்மரியைப் போனில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். புரியாத சொல்லை ஒரு நோட்டில் பென்சிலால் எழுதி வையுங்கள். ஆப் எதுவும் வேண்டாம். நான் போட்ட இரண்டும் டயப்பர் விளம்பரம்தான் காட்டின.

படி 2. சுருக்கெழுத்துகள். என்.வி.டி. என்றால் சுகப்பிரசவம், எல்.எஸ்.சி.எஸ். என்றால் சிசேரியன். சி.ஐ.ஏ.பி. என்பதை ஏதோ நோய் என்றே நினைத்தேன். பிறந்தவுடன் குழந்தை அழுதது, அவ்வளவுதான் அதன் பொருள்! மெக்கோனியம் என்பது கரும்பச்சை நிறத்தில் போகும் முதல் மலம், நம் ஊரில் காட்டுப்பீ என்பார்கள். பெரும்பாலும் 24 மணி நேரத்துக்குள் போய்விடும்.

படி 3. வாரக் கணக்கு. நான் வழுக்கி விழுந்த இடம் இதுதான். எங்கள் தாளில் 38+4 என்று இருந்தது. கூட்டினேன், 42. பிரசவம் தள்ளிப்போய்விட்டது, யாரும் நம்மிடம் சொல்லவில்லை என்று பெண்ணாகரத்தில் இருக்கும் மாமியாருக்குப் போன் போட்டேன். "பத்து மாசமே இன்னும் முடியலையே மாப்பிள்ளை, எங்கிருந்து தள்ளிப்போகும்?" என்றார். அவர் சொன்னதுதான் சரி. அது 38 வாரமும் 4 நாளும். நடுவில் இருப்பது கூட்டல் குறியே இல்லை. கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து எண்ணுவார்கள். முழுக்கணக்கு 40 வாரம், அதாவது 280 நாள். 37 வாரம் முடிவதற்குள் பிறந்தால் ப்ரீடெர்ம், குறைமாதம்.

படி 4. எடை. 2.5 கிலோவுக்குக் குறைந்தால் எடை குறைவு என்று எழுதுவார்கள். ஏ.ஜி.ஏ., எஸ்.ஜி.ஏ. என்பவை வேறு. வாரத்துக்கு ஏற்ற எடை இருந்தால் ஏ.ஜி.ஏ., அதற்கும் குறைவு என்றால் எஸ்.ஜி.ஏ. குறைமாதக் குழந்தை 2 கிலோ இருந்தும் ஏ.ஜி.ஏ. ஆகலாம். முதல் சில நாளில் எடை கொஞ்சம் இறங்கும். எங்கள் மகள் 2.6 கிலோவில் பிறந்து மூன்றாம் நாள் 2.4 ஆனாள். பத்தில் ஒரு பங்குக்கு மேல் இறங்கினால்தான் பயம். இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடைக்குத் திரும்ப வேண்டும்.

படி 5. ஆப்கர். பிறந்தவுடன் குழந்தை எப்படி இருக்கிறது என்று போடும் மதிப்பெண் இது. 8/9 என்று இருந்தால் ஒன்பதுக்கு எட்டு என்று படிக்காதீர்கள். முதல் நிமிடத்தில் 8, ஐந்தாம் நிமிடத்தில் 9, இரண்டும் பத்துக்கு. நிறம், நாடித்துடிப்பு, தூண்டினால் காட்டும் எதிர்வினை, கை கால் அசைவு, மூச்சு என ஐந்துக்கும் தலா 2 மதிப்பெண் வரை. வர்ஜீனியா ஆப்கர் என்ற மயக்க மருத்துவர் 1952இல் வகுத்தது. கை, கால் நீலமாக இருக்கும் என்பதால் முதல் நிமிடத்தில் பத்துக்குப் பத்து வாங்கும் குழந்தை அபூர்வம்.

படி 6. தோல். எரித்திமா டாக்சிகம் என்ற பெயரில் விஷம் இருந்தாலும் அது தானே மறையும் சிவப்புத் தடிப்புதான். மூக்கில் வெள்ளைப் புள்ளிகள் மிலியா, கிள்ளாதீர்கள். இடுப்பில் நீலத் திட்டு இருந்தால் மங்கோலியன் ஸ்பாட். யாரோ அடித்துவிட்டார்கள் என்று எங்கள் வீட்டில் ஒரு பாட்டி சண்டைக்கே கிளம்பினார். சில வருடங்களில் மங்கும். சம்மரியில் அதை எழுதி வாங்கிவிடுங்கள், பின்னால் யாரும் காயம் என்று நினைக்க மாட்டார்கள்.

பின்சேர்க்கை: காவேரிப்பட்டினத்திலிருந்து ஒருவர், தலை வீக்கத்துக்குக் கேப்புட் என்றும் செஃபல்ஹெமட்டோமா என்றும் இரண்டு பெயர் இருப்பதேன் என்று கேட்டிருந்தார். கேப்புட் என்பது தோலடி நீர்வீக்கம், சில நாளில் வடியும். மற்றது எலும்பின் மேலுறைக்கு அடியில் கட்டிய ரத்தம். கரைய வாரக்கணக்கில் ஆகும், மஞ்சள் காமாலையையும் கூட்டலாம். எந்தக் குழந்தைக்கும் முதல் 24 மணி நேரத்துக்குள் மஞ்சள் தெரிந்தாலோ, உள்ளங்கை, உள்ளங்கால் வரை பரவினாலோ, பால் குடிக்காமல் தூங்கிக்கொண்டே இருந்தாலோ காலை வெயிலில் காட்டிக்கொண்டு உட்காராதீர்கள். அன்றே ரத்தத்தில் பிலிரூபின் (மஞ்சள் காமாலையை உண்டாக்கும் நிறமி) அளவு பார்க்கக் கூட்டிப்போங்கள்.