மிதக்கும் வீட்டுக்குக் கயிறுதான் அத்திவாரம்

லைஃப் ஜாக்கெட் போடுங்கள், பலகைக்கு எண்ணெய் பூசுங்கள் என்று யாரும் சொல்வார்கள். மலையக நீர்த்தேக்கங்களில் மிதக்கும் வீடு போடப் போகிறவர்கள் திரும்பத் திரும்ப விடும் பிழைகள் வேறு.

கரை மரத்தில் கட்டுவது

எத்தனை தரம் சொன்னாலும் இதை நிறுத்துகிறார்களில்லை. பார்க்கவே எரிச்சலாக இருக்கிறது. காசல்ரீயும் மவுசாக்கலையும் மின்சாரத்துக்காக மறித்த தண்ணீர். தென்மேல் பருவமழையில் நிரம்பும், வறட்சியில் சரசரவென்று இறங்கும். மவுசாக்கலை நன்றாக வற்றினால், மூழ்கிப்போன பழைய மஸ்கெலியாவின் கோயிலே வெளியே தெரியும். நிறைந்திருக்கும் நாளில் வந்து பார்த்துவிட்டு, கரையோர மரத்தில் 20 மீற்றர் கயிற்றால் கட்டிவிடுகிறார்கள்.

கரை 3 மீற்றருக்கு 1 மீற்றர் சரிகிறது என்று வையுங்கள். 20 மீற்றர் தள்ளி நிற்கும் வீட்டுக்கடியில் ஆழம் ஆறரை மீற்றர் சொச்சம்தான். தண்ணீர் அவ்வளவு இறங்கும்போது, வீட்டைத் தாங்கும் பரல்களில் (பீப்பாய்களில்) கரைப்பக்கம் உள்ளவை தரை தட்டும்; மறுபக்கம் தண்ணீரோடு இறங்கிக்கொண்டே போகும். சட்டகம் முறுகும். முதலில் காட்டிக்கொடுப்பது கதவுதான்: நேற்றுவரை லேசாக மூடியது மேல்மூலையில் இடிக்கும். பிறகு கல்லோ பழைய மரவேரோ பரலைக் குத்தும். அந்தச் சேதம் அன்றைக்குத் தெரியாது. மழை திரும்பித் தண்ணீர் ஏறும்போது ஓட்டைப் பக்கம் எழும்பாமல் வீடே சாயும்.

கரையில் புல் முளைக்காத செம்மண் பட்டையின் மேல்விளிம்பு நிறைமட்டம். கீழ்மட்டத்தை வறட்சியில் போய்ப் பாருங்கள். அப்போதும் அடியில் 2 மீற்றர் தண்ணீர் இருக்கும் இடத்தில்தான் வீட்டை நிறுத்த வேண்டும். நான்கு மூலையிலிருந்தும் நங்கூரத்துக்குக் கயிறு, நிறைமட்ட ஆழத்தைப்போல் மூன்று மடங்கு நீளம், அதைச் சுற்றி இழுக்க மூலைக்கொரு கைவின்ச். தண்ணீர் இறங்கினால் இழுங்கள், ஏறினால் விடுங்கள். நங்கூரமாகப் போடும் 100 கிலோ கொங்கிறீட் கட்டை தண்ணீருக்குள் 60 கிலோகூட இராது. அதே எடை இரும்பு 85 கிலோவுக்கு மேல் நிற்கும். நைலோன் கயிறு இழுவைக்கு நெகிழ்ந்துகொடுக்கும். மலிவான மிதவைக் கயிறு வெயிலில் நார்நாராக உதிரும்.

பரல் கணக்கு

200 லீற்றர் பரல் ஒன்றுக்கு 100 கிலோ மட்டும் வையுங்கள். பாதிக்கு மேல் அமிழ்ந்தால் அலைக்கு இடமில்லை. 500 லீற்றர் தண்ணீர்த் தாங்கிக்கே ஐந்து பரல் வேண்டும், அதுவும் நேர் கீழே. பகல் வெயிலில் மூடிய பரலின் காற்று இரவுக் குளிரில் சுருங்கும். மூடியின் வாஷர் தளர்ந்திருந்தால் தண்ணீரைச் சொட்டுச்சொட்டாக உறிஞ்சும். உள்ளே றெஜிபோம் என்ற வெள்ளை நுரைப்பலகை அடைத்தால் ஓட்டை விழுந்தாலும் மிதக்கும்.

அனுமதி

எழுத்தில் கிடைக்கும்வரை ஒரு பரலும் வாங்காதீர்கள்.

அணைக்கும் வான்கதவுக்கும் கிட்ட

வேண்டவே வேண்டாம்.

குளிருக்குக் கரியடுப்பு

கதவைப் பூட்டிக்கொண்டு கரியடுப்போடு தூங்கினால் காலையில் எழும்பமாட்டீர்கள்.

கக்கூஸ்

காசல்ரீ, மவுசாக்கலைத் தண்ணீர் களனி கங்கையில் சேர்ந்து கொழும்பின் குடிநீராகிறது. மூடிய தாங்கி வைத்து, நிரம்புமுன் கரைக்கு எடுத்துப் போய்க் குழியில் சேருங்கள். அந்தத் தாங்கியின் எடையையும் பரல் கணக்கில் சேர்க்க மறக்காதீர்கள்.