பழைய பாணி பஃப் கை ரவிக்கைக்கு நாமே பேட்டர்ன் வரைதல்

குமரி மாவட்டத்து மார்த்தாண்டத்திலும் களியக்காவிளையிலும் தையற்கடைக்குப் பழைய குடும்பப் புகைப்படத்தைக் கொண்டுபோய் ‘இதே மாதிரி வேண்டும்’ என்று கேட்பவர்களுக்கு, பெரும்பாலும் இன்றைய ரவிக்கையில் ஒட்டவைத்த, தோளில் சுருக்கிப் புடைக்கவைத்த ஒரு பஃப் கைதான் கிடைக்கிறது. பழைய தோற்றம் கையில் மட்டும் இல்லை. அது கைக்குழியின், அதாவது கையைப் பொருத்தும் வெட்டின், உயரத்திலும், தோளின் அகலத்திலும், மார்பின் மேட்டுக்காக விடும் கூடுதல் துணியை ரவிக்கையின் எந்த இடத்தில் வைத்தார்கள் என்பதிலும் இருக்கிறது. இந்த மூன்றையும் துணி வெட்டுவதற்கான காகித மாதிரியிலேயே (பேட்டர்ன்) சரிசெய்துகொண்டால் லேசும் பொத்தானும் இல்லாமலேயே ரவிக்கைக்கு 1950களின் சாயல் வந்துவிடும்.

வரையத் தொடங்குமுன் புகைப்படத்தை நன்கு படிக்க வேண்டும். குமரி மாவட்டம் முதலில் திருவிதாங்கூரோடும், பிறகு 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியோடும் இருந்த பகுதி. மார்பை மறைத்து உடுக்கும் உரிமைக்காக நடந்த தோள்சீலைப் போராட்டத்தின் பின் 1859இல் வந்த அரசாணைக்குப் பிறகே நாடார் பெண்கள் எல்லோருக்கும் ரவிக்கை அணியும் உரிமை முறையாகக் கிடைத்தது. ஆகவே இங்குள்ள வீடுகளின் பழைய படங்களில் இரண்டு வேறுபட்ட வெட்டுகளைக் காணலாம். ஒன்று, குப்பாயம் போன்ற தொளதொளப்பான சட்டை. உடலும் கையும் நீள்சதுரத் துண்டுகள், டார்ட் (உடலோடு ஒட்டுவதற்காகத் துணியை முக்கோணமாக மடித்துத் தைப்பது) கிடையாது. மற்றொன்று, உடலோடு ஒட்டி வெட்டிய ரவிக்கை. திருவிதாங்கூர் சகோதரிகள் எனப்பட்ட நடிகைகள் லலிதா, பத்மினி, ராகினி காலத்துப் பெண்கள் விரும்பி அணிந்த வகை. முதல் வகைக்கு அளவுநாடாவும் அளவுகோலும் போதும். இங்கே சொல்லப்படுவது இரண்டாம் வகை.

படத்தில் கை எங்கே முடிகிறது என்பதை அங்குலத்தில் ஊகிக்கக் கூடாது. தோள் முனைக்கும் முழங்கைக்கும் இடைப்பட்ட தூரத்தில் அது பாதியா, மூன்றில் இரண்டு பங்கா என்று பார்த்து, அதே விகிதத்தைத் தம் கையில் அளந்துகொள்ள வேண்டும். ரவிக்கையின் நீளத்தையும் கழுத்தின் இறக்கத்தையும் இப்படியே எடுக்கலாம். தோளிலிருந்து மார்பை நோக்கிச் சுருக்கம் இறங்குகிறதா, கையின் விளிம்பில் பட்டி இருக்கிறதா, கொக்கி முன்னாலா பின்னாலா என்பவற்றைக் குறித்துக்கொள்ளவும். ஒளிந்திருக்கும் பக்கத் தையலைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை.

விளக்கத்திற்காக மார்பு 36, இடுப்பு 30, தோள் 14, நீளம் 15 அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். பிரவுன் பேப்பரில் முதலில் பின்பக்கத்தின் பாதியை வரைய வேண்டும். நேர்கோடாக 15 அங்குலம் இறக்கினால் அது நடுமுதுகு. அதன் மேல்முனையிலிருந்து குறுக்கே 7 அங்குலம் பாதித் தோள். அதில் முதல் 3 அங்குலம், அதாவது மார்பில் 12இல் ஒரு பங்கு, கழுத்தின் அகலம். தோள் முனையை முக்கால் அங்குலம் இறக்கிச் சரிவு கொடுக்கவும். கைக்குழியின் ஆழத்துக்கு மார்பை 6ஆல் வகுத்து 1 கூட்டினால் 7 அங்குலம் வரும். அந்த மட்டத்தில் குறுக்கே 9 அங்குலமும், இடுப்பு மட்டத்தில் 9 அங்குலமும் குறிக்கவும். இடுப்பின் 9 அங்குலத்தில் ஏழரை உடலுக்கு, அரை தளர்வுக்கு, ஒன்று டார்ட்டுக்கு. கைக்குழி வளைவு தோள் முனையின் நேர்கோட்டிலிருந்து நடுவில் அரை அங்குலம் உள்வாங்கி, பிறகு பக்கத்தை நோக்கித் திரும்ப வேண்டும்.

கைக்குழி பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் இன்றைய தையலும் பழைய தையலும் பிரிவது இங்கேதான். அக்குளில் இறுக்கிப் பிடிக்கிறது என்று யாராவது சொன்னால் நம் கடைகளில் உடனே கைக்குழியை அரை அங்குலம் இறக்கிவிடுவார்கள். ஆனால் கைக்குழி கீழே இறங்க இறங்கக் கையைத் தூக்கும்போது பக்கத் தையல் முழுவதும் கூடவே எழும்; ரவிக்கையின் அடிவிளிம்பு மேலேறி வயிறு தெரியும். அக்குளுக்குக் கீழே ஒரு விரல் அகலத்தில் கைக்குழி நின்றால் உடல்துண்டு அசையாமல் இருக்க, கை மட்டும் தனியே எழும். பழைய ரவிக்கைகள் உயர்ந்த கைக்குழியோடு அவ்வளவு இறுக்கமாக இருந்தும் அவற்றை அணிந்து வீட்டு வேலை செய்ய முடிந்தது இதனால்தான். பிடிப்பதாகத் தோன்றினால், குறை பெரும்பாலும் முன்பக்க வளைவில் இருக்கும். அதைக் கீழே இறக்காமல் மார்பு நோக்கிக் கால் அங்குலம் உள்ளே வெட்டிப் பார்க்க வேண்டும்.

முன்பக்கத்திற்கும் இதே வரைபடம்தான். சில மாற்றங்கள் மட்டும் உண்டு. மார்பு மட்டத்தில் 9 அங்குலம் ஒன்பதரை ஆகும். இடுப்பிலும் ஒன்பதரை, ஏனெனில் முன் டார்ட் ஒன்றரை அங்குலம். கைக்குழி பின்பக்கத்தைவிட அரை அங்குலம் கூடுதலாக உள்வாங்கும். நீளத்தில் 1 அங்குலம் கூட்டி, அந்த 1 அங்குலத்தை அக்குளுக்குக் கீழே பக்க டார்ட்டாக எடுக்க வேண்டும். தோளிலிருந்து மார்பு முனை வரை உள்ள தூரத்தையும், இரு முனைகளுக்கு இடைப்பட்ட தூரத்தின் பாதியையும் உடலில் அளந்து காகிதத்தில் புள்ளி வைக்கவும். எந்தச் சூத்திரத்தாலும் இந்தப் புள்ளியைப் பெற முடியாது.

இப்போது அந்தப் பக்க டார்ட்டைத் தோளுக்கு இடம் மாற்ற வேண்டும். அக்கால ரவிக்கைகளில் தோள் தையலிலிருந்து மெல்லிய சுருக்கமாக இறங்குவது இதுவே. முதலில் முன் தோளின் விளிம்பிலிருந்து 1 அங்குல அகலத்தில் ஒரு பட்டையை வெட்டி, அதைப் பின்பக்கத் தோளோடு ஒட்டிவிடவும்; தையல் இப்போது தோளின் உச்சியில் இல்லாமல் சற்று முன்னால் வந்து நிற்கும், சுருக்கமும் படத்தில் தெரிவதுபோல் கண்ணுக்குப் படும். பிறகு புதிய தோள் விளிம்பின் நடுவிலிருந்து மார்புப் புள்ளிவரை வெட்டவும். பக்க டார்ட்டின் ஒரு கோட்டையும் அதே புள்ளிவரை வெட்டவும். புள்ளியில் நூலளவு காகிதம் ஒட்டியிருக்கட்டும். பக்க டார்ட்டை மூடினால் தோளில் வாய் திறக்கும். புள்ளியிலிருந்து தோள் பக்கத்தைவிடத் தொலைவு என்பதால் 1 அங்குல டார்ட் அங்கே ஏறத்தாழ ஒன்றரை அங்குலமாக விரியும். அதன் கீழே வேறு காகிதம் ஒட்டி, தோள் விளிம்பை மென்மையான வளைவாக இணைத்தால் சுருக்கத்திற்கான துணி தயார். காகிதத்தில் டார்ட் புள்ளியைத் தொட வேண்டும். துணியில் தைக்கும் இடுப்பு டார்ட்டோ முக்கால் அங்குலம் முன்பே நின்றுவிட வேண்டும், இல்லையெனில் முனை கூர்மையாகக் குத்தி நிற்கும்.

கைக்கு முதலில் சாதாரணக் கையை வரைந்துகொள்ளவும். முன், பின் கைக்குழி வளைவுகளை அளவுநாடாவை நிமிர்த்திப் பிடித்து அளந்து, கூட்டுத்தொகையின் பாதியை எடுக்கவும். கையின் உச்சியை நாலரை அங்குல உயரத்தில் வைத்து, அந்த உச்சியிலிருந்து இருபுறமும் இந்தப் பாதியளவைச் சாய்வாக இறக்கினால் கையின் அகலம் கிடைக்கும். அது புயச் சுற்றளவைவிட 1 அங்குலமாவது கூடுதலாக இல்லாவிட்டால் உச்சியைத் தாழ்த்தி மறுபடி வரைய வேண்டும்.

பஃப் வேண்டும் என்றால் தோளைக் குறைத்தாக வேண்டும். பலரும் விட்டுவிடும் படி இது. உடல்துண்டில் தோள் முனையை இருபுறமும் அரை அங்குலம் உள்ளே தள்ளிக் கைக்குழியை மறுபடி வளைத்தால்தான் புடைப்பு தோள் எலும்பின்மேல் நிற்கும். இல்லையேல் புயத்தில் சரிந்து தொங்கும். அடுத்து, கைக் காகிதத்தை உச்சியிலிருந்து அடிவரை நெடுக ஐந்து வெட்டுகளாக வெட்டவும். கை விளிம்பு புயத்தோடு ஒட்டியிருக்கிறது என்று படம் காட்டினால் அடியில் காகிதம் இணைந்தே இருக்க, மேல்பகுதியை மட்டும் விசிறிபோல் விரிக்கவும். விளிம்பில் பட்டி இருந்தால் துண்டுகளை முழுதாகப் பிரித்து இணையாக நகர்த்தவும். நடு வெட்டுகளில் 1 அங்குலமும் ஓரத்தவற்றில் அதில் பாதியும் விடுவது பழைய அளவு; இன்று சினிமாப் பாணியில் வைக்கும் பெரிய பலூன் அந்தப் படங்களில் இல்லை. உச்சியையும் 1 அங்குலம் உயர்த்தி வளைவைச் சேர்க்கவும். சுருக்கம் தோள் தையலுக்கு இருபுறமும் 3 அங்குலத்திற்குள் அடங்க வேண்டும். அக்குளில் சுருக்கம் வந்தால் உறுத்தும்.

காகிதத்தை நேராக நல்ல துணியில் வைக்காமல், துவைத்துத் துவைத்து மெல்லிதான பழைய வேட்டியில் ஒரு முறை தைத்து, கையைத் தூக்கியும் குனிந்தும் பார்த்துத் திருத்தங்களைக் காகிதத்திற்கு மாற்றவும். பிறகு துணிக்கு வரலாம். களியக்காவிளையிலிருந்து திருவனந்தபுரம் போகும் நெடுஞ்சாலையிலேயே இருக்கும் பாலராமபுரத்தில் கிடைக்கும் வெளுக்காத கைத்தறி இதற்கு மிகப் பொருந்தும். ஆனால் அதில் கஞ்சி ஏறியிருக்கும், சுருங்கவும் செய்யும். ஓர் இரவு தண்ணீரில் ஊறவைத்து, அலசி, நிழலில் உலர்த்தி, தேய்த்த பிறகே கத்தரி வைக்க வேண்டும். உடலுக்கும் கைக்கும் பாவு நூல், அதாவது துணியின் நீளத்தில் ஓடும் நூல், நீளவாட்டில் ஓடட்டும். கழுத்துப் பட்டிக்கு மட்டும் மூலைவாட்டில் வெட்டிய கிராஸ் துணி. தையலுக்காகக் கழுத்தில் கால் அங்குலமும் கைக்குழியில் அரை அங்குலமும் விட்டு, பக்கத்தில் ஒன்றரை அங்குலம் உள்ளே விடுவது பழைய வழக்கம். பிரித்துப் பெரிதாக்க அதுவே உதவும். பஃப் நிமிர்ந்து நிற்க இன்று உள்ளே நெட் துணி வைக்கிறார்கள். கைத்தறிக்கு அது தேவையில்லை, துவைத்தபின் கைப்பகுதிக்கு மட்டும் அரிசிக் கஞ்சி போட்டால் போதும்.

திருத்திய காகிதத்தைத் தடித்த அட்டையில் படியெடுத்து, ஒவ்வொரு துண்டிலும் பாவு நூலின் திசை, எத்தனை துண்டு வெட்ட வேண்டும், சுருக்கம் தொடங்கி முடியும் புள்ளிகள், எடுத்த அளவுகள், தேதி ஆகியவற்றை எழுதவும். தையல் விடும் அளவை அட்டையில் சேர்க்காமல் துணியில் மட்டும் குறிப்பது நல்லது. கழுத்தையோ கையையோ மாற்றி வரைய வேண்டி வரும்போது எது உடலின் அளவு, எது விட்ட துணி என்ற குழப்பம் வராது. மார்பு 1 அங்குலம் வரை கூடினால் பக்கத்திலேயே சரிசெய்யலாம். அதற்கு மேல் போனால் கைக்குழியிலிருந்து மறுபடி வரைய வேண்டும்.