போர்ச்சுகலுக்கு முதல் பயணம்: எதை முதலில், எதை அப்புறம்

ஐரோப்பா என்றதும் நம்மில் பலர் கேட்பது, “பத்து நாளில் எத்தனை நாடு?” என்றுதான். பேருந்தில் ஏற்றி ஆறு நாடு காட்டும் பேக்கேஜ்கள் நம்மை அப்படிப் பழக்கிவிட்டன. சொந்தமாகத் திட்டம் போட்டு முதல் தடவை போகிறவர்களுக்கு நான் சொல்வது நேரெதிர்: ஒரே நாடு, இரண்டே ஊர். அதற்குத் தோதான நாடு போர்ச்சுகல். சின்ன நாடு. பெரிய ஊர்களுக்கிடையே நல்ல ரயில் இருக்கிறது, ஆங்கிலத்தை வைத்துச் சமாளித்துவிடலாம், பாரிஸ் அளவுக்குக் கையைக் கடிக்காது. லிஸ்பன், போர்ட்டோ என்று இரண்டு ஊரை வைத்துக்கொண்டு, ஐந்தாறு மாதம் முன்னாலிருந்து எதை எந்த வரிசையில் செய்வது என்று பார்க்கலாம்.

படி 1: மாதம்

மே, ஜூன், செப்டம்பர், அக்டோபர் முற்பாதி. இவைதான் நல்ல மாதங்கள். பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் இருந்தால் மே மாதம் தானாகவே பொருந்தி வரும்; இரவு எட்டரை மணிக்கும் வெளிச்சம் இருக்கும். ஜூலை, ஆகஸ்டில் வெயிலும் கூட்டமும் சேர்ந்து படுத்தும், அறை வாடகையும் ஏறிவிடும். குளிர்காலத்தில் போர்ட்டோவில் மழை அதிகம்.

ஜூனில் போனால் தேதியைக் கொஞ்சம் பார்த்துப் போடுங்கள். ஜூன் 12 இரவு லிஸ்பனில் புனித அந்தோணியார் திருவிழா. உவரியிலும் புளியம்பட்டியிலும் கொண்டாடும் அதே பதுவை அந்தோணியார்தான். அவர் பிறந்த ஊர் லிஸ்பன். தெருவெங்கும் அடுப்பு வைத்து மத்தி மீன் சுடுவார்கள். ஜூன் 23 இரவு போர்ட்டோவில் புனித யோவான் திருவிழா. முன்பின் தெரியாதவர்கள்கூட பிளாஸ்டிக் சுத்தியலால் உங்கள் தலையில் செல்லமாகத் தட்டிவிட்டுப் போவார்கள். அந்த நாள்களில் அறை கிடைப்பது கஷ்டம், ஆனால் கிடைத்தால் விடாதீர்கள்.

படி 2: இரவுக் கணக்கு

நாள் கணக்குப் போடாதீர்கள், இரவுக் கணக்குப் போடுங்கள். எட்டு இரவு என்றால் லிஸ்பனில் ஐந்து, போர்ட்டோவில் மூன்று. அரண்மனைகளுக்குப் பேர்போன பக்கத்து ஊரான சின்ட்ராவை லிஸ்பனில் இருந்தபடியே காலையில் போய் மாலையில் திரும்பிவிடலாம். தெற்கே அல்கார்வ் கடற்கரை, மதேரா தீவு என்று யாராவது ஆசை காட்டுவார்கள். முதல் பயணத்தில் வேண்டாம். ஒவ்வொரு ஊர் மாற்றமும் மூட்டை கட்ட, அறையைக் காலி செய்ய, ரயில் பிடிக்க என்று அரை நாளை விழுங்கிவிடும்.

விமான டிக்கெட் தேடும்போது போக வர இரண்டுக்கும் லிஸ்பனையே போடாமல், ‘மல்டி சிட்டி’யைத் தேர்ந்தெடுத்து, லிஸ்பனில் இறங்கி போர்ட்டோவில் ஏறுவதுபோல் பாருங்கள். பெரிய விலை வித்தியாசம் இல்லையென்றால் அதுவே நல்லது. ஒரு நாள் மிச்சம். எப்படியும் வழியில் ஓர் இடத்தில் விமானம் மாற வேண்டும். துபாய் வழியாகப் போனால் குடிநுழைவுச் சோதனை லிஸ்பனில் நடக்கும். ஃப்ராங்க்ஃபர்ட், பாரிஸ் வழியாகப் போனால் அங்கேயே நடந்துவிடும். அதனால் அங்கே ஒன்றரை மணி நேர இடைவெளி உள்ள டிக்கெட்டை மலிவு என்று எடுக்காதீர்கள். மூன்று மணி நேரமாவது இருக்கட்டும்.

இப்போதைக்குத் தேடி விலையைக் குறித்து வைத்துக்கொண்டால் போதும். காசு கட்ட வேண்டாம்.

படி 3: விசா

மொத்தத் திட்டமும் இதைச் சுற்றித்தான் நகர வேண்டும். இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்கு ஷெங்கன் விசா வேண்டும். ஷெங்கன் என்பது தங்களுக்குள் எல்லைச் சோதனையை எடுத்துவிட்டு ஒரே விசாவை ஏற்கும் ஐரோப்பிய நாடுகளின் கூட்டு; போர்ச்சுகலும் அதில் ஒன்று. பயணத் தேதிக்கு ஆறு மாதம் முன்பிலிருந்து விண்ணப்பிக்கலாம். குறைந்தது 15 நாள் முன்னால் கொடுத்திருக்க வேண்டும். முடிவு வழக்கமாக 15 நாளில் வரும், சில சமயம் 45 நாள் வரை இழுக்கும். ஆனால் உண்மையான தாமதம் அதில் இல்லை, அப்பாயின்ட்மென்ட் கிடைப்பதில்தான். கோடை சீசனுக்கான இடங்கள் சீக்கிரம் நிரம்பிவிடும். மே பயணம் என்றால் ஜனவரியிலேயே இடம் தேட ஆரம்பியுங்கள்.

பாஸ்போர்ட்டை எடுத்து இரண்டு விஷயம் பாருங்கள். ஐரோப்பாவை விட்டுக் கிளம்பும் தேதிக்குப் பிறகு மூன்று மாதமாவது செல்லுபடியாக வேண்டும். இரண்டு வெற்றுப் பக்கம் இருக்க வேண்டும். இல்லையென்றால் முதல் வேலை பாஸ்போர்ட் புதுப்பிப்பது.

கட்டணம் பெரியவர்களுக்கு 90 யூரோ, 6 முதல் 11 வயது வரை 45 யூரோ, ஆறு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு இல்லை. விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் தனி. மருத்துவக் காப்பீடு 30,000 யூரோவுக்குக் குறையாமல், தங்கும் நாள் முழுக்க, ஷெங்கன் நாடுகள் எல்லாவற்றுக்கும் செல்லுபடியாக வேண்டும். அப்புறம் பேங்க் ஸ்டேட்மென்ட், சம்பளச் சீட்டு, வருமான வரிக் கணக்கு, அலுவலகத்தின் லீவ் லெட்டர், விமான முன்பதிவு, எல்லா இரவுக்கும் தங்குமிட முன்பதிவு. கவரிங் லெட்டரை நீங்களே எழுதுங்கள். யார் போகிறோம், எந்தத் தேதியில் எந்த ஊர், செலவு யாருடையது, திரும்பி வந்து எந்த வேலையில் சேர்வோம். ஒரு பக்கம் போதும்.

தங்குமிடத்தை ‘இலவச ரத்து’ உள்ளதாகப் பார்த்துப் பதிவு செய்யுங்கள். விமானத்துக்கு முன்பதிவு விவரம் போதும். விசா கையில் வராமல் திரும்பப் பெற முடியாத டிக்கெட்டுக்குப் பணம் கட்டாதீர்கள். சில ஏஜென்டுகள் நூறு இருநூறு ரூபாய்க்குப் போலி முன்பதிவு அடித்துத் தருவார்கள். அந்தப் பக்கமே போகாதீர்கள், சரிபார்த்தால் அகப்பட்டுவிடும்.

ஸ்பெயினையும் சேர்த்துப் பார்க்க நினைப்பவர்கள் கவனிக்க வேண்டியது: எந்த நாட்டில் அதிக இரவு தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும். எந்தத் தூதரகத்தில் சீக்கிரம் இடம் கிடைக்கிறது என்று பார்த்து நாட்டை மாற்றிப் போடுவது வம்பை விலைக்கு வாங்குவது.

படி 4: எங்கே தங்குவது

லிஸ்பன் முழுக்க மேடு பள்ளம். 1755 நிலநடுக்கத்துக்குப் பிறகு கட்டம் போட்டதுபோல் நேர்த்தெருக்களாகத் திரும்பக் கட்டிய பைஷா பகுதி மட்டும் சமதளம். அதைச் சுற்றி மெட்ரோ இருக்கிறது, முதல் பயணத்துக்கு அது வசதி. படங்களில் மயக்கும் அல்ஃபாமா அந்த நிலநடுக்கத்தில் பெரிதும் தப்பிய பழைய பகுதி. சந்தும் படிக்கட்டுமாக இருக்கும். பெட்டியைத் தூக்கிக்கொண்டு, கூடவே வயதான அம்மா அப்பாவையும் அழைத்துக்கொண்டு அங்கே ஏறிப் பாருங்கள், தெரியும். சாயங்காலம் நடக்கப் போனால் போதும். எங்கே எடுத்தாலும் கட்டடத்தில் லிஃப்ட் உண்டா என்று கேட்டுவிடுங்கள். பழைய வீடுகளில் பெரும்பாலும் இருக்காது. போர்ட்டோவில் த்ரின்தாத் மெட்ரோ நிலையத்தின் பக்கம் பாருங்கள், விமான நிலைய மெட்ரோ அங்கேயே வரும்.

வாடகையோடு நகர வரி உண்டு. லிஸ்பனில் ஆளுக்கு இரவுக்கு 4 யூரோ, போர்ட்டோவில் 3 யூரோ.

படி 5: முன்பே வாங்க வேண்டிய சீட்டுகள்

விசா வந்ததும் விமான டிக்கெட். அடுத்து லிஸ்பன்–போர்ட்டோ ரயில். ‘ஆல்ஃபா பெந்துலார்’ என்ற விரைவு ரயில் மூன்று மணி நேரத்தில் சேர்த்துவிடும். சி.பி. எனப்படும் அரசு ரயில்வேயின் தளத்தில் முன்கூட்டி எடுத்தால் நல்ல தள்ளுபடி கிடைக்கும். ரயில் காம்பன்யா நிலையத்தில் நிற்கும். அங்கிருந்து உள்ளூர் ரயிலில் ஏறி சாவ் பென்தோ நிலையத்தில் இறங்குங்கள். உள்ளே நுழைந்ததும் அவசரப்படாமல் சுவரைப் பாருங்கள். ஜோர்ஜ் கொலாசு என்ற ஓவியர் சுமார் 20,000 நீலவண்ண ஓடுகளில் போர்க்களத்தையும் அரச ஊர்வலத்தையும் தீட்டியிருக்கிறார். டிக்கெட் வரிசையில் நிற்கும் உள்ளூர்க்காரர் ஒருவரும் ஏறிட்டுப் பார்ப்பதில்லை, நம் கோயில் கோபுரத்தடியில் பூக்கடை வைத்திருப்பவரைப் போல.

சின்ட்ராவின் பேனா அரண்மனைக்கு நேரம் குறித்த சீட்டு. அந்த நேரம் அரண்மனை வாசலுக்குரியது, தோட்டத்தின் கேட்டுக்கு அல்ல. கேட்டிலிருந்து மேலே ஏற அரை மணி ஆகும். பத்து மணிச் சீட்டு என்றால் ஒன்பதேகாலுக்காவது கேட்டில் இருங்கள். லிஸ்பனின் ரோசியு நிலையத்திலிருந்து சின்ட்ராவுக்கு ரயிலில் 40 நிமிடம், அங்கிருந்து 434ஆம் எண் பஸ்.

லிஸ்பனின் பெலெம் பகுதியில் ஜெரோனிமோஸ் மடாலயம் இருக்கிறது. 1498இல் கோழிக்கோட்டுப் பக்கம் கரையேறிய வாஸ்கோ ட காமாவின் கல்லறை அதன் தேவாலயத்தில்தான். திங்கள்கிழமை அங்கே விடுமுறை; பல அருங்காட்சியகங்களும் அப்படியே. ஆகவே திங்களை சின்ட்ராவுக்கு ஒதுக்குங்கள். நமக்கு இன்னொரு தொடர்பும் உண்டு: தமிழை ரோமன் எழுத்தில் அச்சிட்ட ‘கார்த்தில்யா’ என்ற மறைக்கல்வி நூல் 1554இல் அச்சானது லிஸ்பனில்தான்.

லிஸ்பனின் பழைய தெருக்களில் ஏறி இறங்கும் புகழ்பெற்ற 28ஆம் எண் டிராமுக்குச் சீட்டு தேடி அலைய வேண்டாம். காலை எட்டு மணிக்குள் அது புறப்படும் மார்த்திம் மொனீஷ் சதுக்கத்தில் போய் நின்றால் உட்கார இடம் கிடைக்கும். பதினோரு மணிக்குப் போனால் நெரிசலும் பிக்பாக்கெட்டும்தான். பையை முன்பக்கம் மாட்டுங்கள்.

படி 6: பணமும் சாப்பாடும்

இந்திய டெபிட், கிரெடிட் கார்டுகளில் வெளிநாட்டுப் பயன்பாட்டை வங்கி ஆப்பில் நீங்களே திறந்துவிட வேண்டும். ஏ.டி.எம்.மில் பணம் எடுக்க, ‘மல்ட்டிபாங்கோ’ (போர்ச்சுகல் வங்கிகளின் பொது ஏ.டி.எம். வலையமைப்பு) என்று எழுதியதைப் பாருங்கள். கடையில் கார்டு தேய்க்கும்போது ரூபாயிலா யூரோவிலா என்று கேட்டால் யூரோ என்றே சொல்லுங்கள். ரூபாய் என்றால் அவர்கள் வைத்ததுதான் விலை.

உணவகத்தில் உட்கார்ந்ததும் கேட்காமலே ரொட்டி, ஆலிவ், வெண்ணெய், சில இடங்களில் சீஸ் வந்து மேசையில் உட்காரும். உபசரிப்பு என்று நினைத்துக் கை வைத்தால் பில்லில் ஏறும். வேண்டாமென்றால் தொடாமல் விடுங்கள், அல்லது எடுத்துப் போகச் சொல்லுங்கள். யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். மதியம் ‘ப்ராத்து து தியா’ என்று பலகையில் எழுதியிருப்பது அன்றைய சாப்பாடு. மலிவு, வயிறும் நிறையும்.

சைவக்காரர்கள் சூப்பிலும் ஏமாறலாம். ‘கால்து வெர்த்’ என்ற கீரை சூப்பைப் பார்த்தால் சைவம் போலவே இருக்கும், ஒரு துண்டு பன்றி இறைச்சித் தொத்திறைச்சி மிதக்கும். மார்த்திம் மொனீஷ் பகுதியில் இந்தியக் கடைகளும் உணவகங்களும் இருக்கின்றன. குழாய்த் தண்ணீரைத் தாராளமாகக் குடிக்கலாம்.

படி 7: கடைசி வாரம்

வழுக்காத செருப்பு அல்லது ஷூ அவசியம். நடைபாதைகளில் பதித்த சின்னச் சின்னச் சுண்ணாம்புக் கற்கள் மழை பெய்தால் எண்ணெய் தடவியதுபோல் ஆகிவிடும். மாலையில் அட்லான்டிக் காற்று அடிக்கும், மே மாதத்திலும் ஒரு ஜாக்கெட் இருக்கட்டும். மின்சாரம் நம்மூர் போலவே 230 வோல்ட். மூன்று முனை பிளக்குகளுக்கு மட்டும் அடாப்டர். அவசர எண் 112.

விசா நகல், காப்பீடு, தங்குமிட விவரம், திரும்பும் டிக்கெட் எல்லாவற்றையும் அச்சடித்துக் கைப்பையில் வையுங்கள், பெரிய பெட்டியில் வேண்டாம். குடிநுழைவு மேசையில் கேட்கலாம். 2025 அக்டோபரில் தொடங்கிய புதிய முறையில் பாஸ்போர்ட்டில் முத்திரைக்குப் பதிலாகக் கைரேகையும் புகைப்படமும் எடுக்கிறார்கள். அதனால் வரிசை மெதுவாகவே நகரலாம். இறங்கிய அன்றைக்கு எந்த நேரச் சீட்டும் வாங்காதீர்கள்.