ரூட் கெனாலை ஆரம்பித்தால் கிரவுன் வரை போய்விடுங்கள்

“ரூட் கெனால் முடிந்துவிட்டது, கிரவுனை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.” புதிதாகக் குடியேறியவர்களிடம் இந்தப் பேச்சை அடிக்கடி கேட்கலாம். வேலை இன்னும் நிலைக்கவில்லை, காப்பீடு தொடங்கவில்லை, விடுப்பு கேட்கத் தயக்கம் என்று காரணங்கள் எல்லாம் நியாயமானவைதான். ஆனால் கடைவாய்ப் பல்லைப் பொறுத்தவரை ரூட் கெனாலும், பல்லின் மேல் உறைபோல் மாட்டும் கிரவுனும் பெரும்பாலும் ஒரே சிகிச்சையின் இரண்டு பாதிகள். முதல் பாதிக்குப் பணம் கட்டிவிட்டு இரண்டாவதைக் கைவிட்டால், பல் பிளந்து, பிடுங்குவதைத் தவிர வேறு வழியில்லாமல் போகலாம். செலவையும் விடுப்பு நாட்களையும் இரண்டுக்கும் சேர்த்தே கணக்கிடுங்கள்.

பல்லின் நடுவே நரம்பும் ரத்தக்குழாய்களும் ஓடும் பற்கூழ் இருக்கிறது. சொத்தை அதுவரை இறங்கிக் கிருமி புகுந்துவிட்டால், பற்கூழை அகற்றி, வேர்க்கால்வாய்களை மெல்லிய ஃபைல்களால் சுரண்டி, கிருமிநாசினிக் கரைசலால் கழுவி, கட்டா பெர்ச்சா என்ற ரப்பர் போன்ற பொருளால் அடைக்கிறார்கள். இதுதான் ரூட் கெனால். முன்பல்லில் பெரும்பாலும் ஒரு கால்வாய்தான். கீழ்க் கடைவாய்ப் பல்லில் வழக்கமாக மூன்று. மேல் வரிசையின் முதல் கடைவாய்ப் பல்லில் நான்காவது ஒன்று பல நேரங்களில் ஒளிந்துகொண்டிருக்கும். சாதாரணப் பல் மருத்துவர் உங்களை எண்டோடான்டிஸ்ட் என்ற வேர் சிகிச்சை நிபுணரிடம் அனுப்பினால், கட்டணத்தைக் கூட்டுவதற்கான தந்திரம் என்று சந்தேகிக்க வேண்டாம். சிக்கலான கால்வாய்களுக்கு நுண்ணோக்கியும் அனுபவமும் தேவை.

சொத்தையும் சிகிச்சைக்காகத் திறந்த வழியும் சேர்ந்து பல்லை உள்ளே குடைந்துவிட்டிருக்கும். மெல்லும்போது அதன் சுவர்கள் விரிசல் விடலாம். கிரவுன் அந்தச் சுவர்களைச் சுற்றி இறுக்கிப் பிடிக்கிறது. அதிகம் சேதமடையாத முன்பல்லுக்கு ஃபில்லிங்கே போதுமானதாக இருக்கலாம். அதனால் “இந்தப் பல்லுக்குக் கிரவுன் ஏன் தேவை?” என்று கேட்பதில் தவறில்லை.

எப்போது போக வேண்டும்? குளிர்ந்தது பட்டதும் கூசி, சில நொடிகளில் அடங்கிவிட்டால் பற்கூழ் பிழைக்க வாய்ப்புண்டு. சீக்கிரம் போனால் ஃபில்லிங்கோடு முடியலாம். கூச்சம் நிமிடக்கணக்கில் நீடித்தால், சூடு பட்டு வலித்தால், இரவில் தானாகவே வலி எழுப்பினால் நிலைமை முற்றிவிட்டது. பலர் ஏமாறும் இடம் இதற்கு அடுத்தது. கடும் வலி ஒருநாள் திடீரென நின்றுவிடும். குணமாகிவிட்டது என்று முன்பதிவை ரத்து செய்வார்கள். உண்மையில் பற்கூழ் செத்திருக்கலாம். வலி இல்லாமலே தொற்று எலும்புக்குள் இறங்கும்.

ஆன்டிபயாட்டிக்கைப் பெட்டியில் கொண்டுவந்து, வலிக்கும்போதெல்லாம் விழுங்கும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். செத்த பற்கூழுக்கு ரத்த ஓட்டம் இல்லை. மாத்திரை அங்கே எட்டாது. அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டுதலும், உடலில் மற்ற நலக்குறைவு இல்லாத பெரியவர்களின் பெரும்பாலான பல்வலிகளுக்கு ஆன்டிபயாட்டிக் வேண்டாம், பல்லுக்கே சிகிச்சை வேண்டும் என்கிறது. மருத்துவர் எழுதித் தராததற்காக அவரைக் குறை சொல்லாதீர்கள். வலி மாத்திரையிலும் கவனம் தேவை. பாரசிட்டமால் அமெரிக்காவிலும் கனடாவிலும் அசிட்டமினோஃபென் என்ற பெயரில் கிடைக்கிறது. சளி மருந்துகளிலும் கலந்திருக்கும். இரண்டையும் வெவ்வேறு மருந்தென்று நினைத்துச் சேர்த்து விழுங்கினால் அளவு மீறிக் கல்லீரல் கெடலாம்.

முகம் வீங்கிக் காய்ச்சல் வந்தால் அன்றே மருத்துவரைப் பாருங்கள். வாய் திறக்கவோ விழுங்கவோ மூச்சு விடவோ சிரமம் இருந்தாலும், வீக்கம் கண்ணை நெருங்கினாலும் பல் மருத்துவருக்குக் காத்திருக்காமல் மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கே போய்விடுங்கள்.

பழைய மருத்துவரிடமிருந்து எக்ஸ்ரே கோப்புகளையும், எந்தப் பல், எத்தனை கால்வாய் அடைக்கப்பட்டது, எந்தத் தேதி என்ற குறிப்பையும் வாங்கி வையுங்கள். பல்லின் எண்ணை மட்டும் சொல்லி நிறுத்தாதீர்கள். உலகின் பெரும்பாலான நாடுகளில் வழங்கும் ஈரிலக்க முறையில் 16 என்பது மேல் வலது முதல் கடைவாய்ப் பல். 1 முதல் 32 வரை எண்ணும் அமெரிக்க முறையில் அதே 16, மேல் இடது ஞானப்பல்! மேலா கீழா, வலமா இடமா என்பதையும் சேர்த்தே எழுதுங்கள்.

பல நாடுகளில் பொது மருத்துவக் காப்பீடு பெரியவர்களின் பல் சிகிச்சையை ஏற்பதில்லை. தனிப் பல் காப்பீடு எடுத்தாலும், கிரவுன் போன்ற பெரிய சிகிச்சைகளுக்குக் காத்திருப்புக் காலமும் ஆண்டு உச்சவரம்பும் இருப்பது சகஜம். சிகிச்சைத் திட்டத்தை எழுத்தில் வாங்கி, எவ்வளவு தருவார்கள் என்று காப்பீட்டு நிறுவனத்திடம் முன்கூட்டியே கேளுங்கள். ரூட் கெனால், கிரவுனைத் தாங்குவதற்காகப் பல்லுக்குள் கட்டும் கோர், கிரவுன் மூன்றும் தனித்தனிக் கட்டணமாக வரலாம். கையில் பணம் குறைவென்றால் பல் மருத்துவக் கல்லூரிகளின் சிகிச்சைப் பிரிவுகளை விசாரியுங்கள். மாணவர்கள் பேராசிரியர் மேற்பார்வையில் செய்வார்கள். நேரம் அதிகம் பிடிக்கும், கட்டணம் பெரும்பாலும் குறைவு. விடுமுறைப் பயணத்தில் கிரவுன் போட்டுக்கொள்ள நினைப்பவர்கள், இரண்டு வருகைகளுக்கு இடைவெளியும், கடி சரியில்லாவிட்டால் திருத்த சில நாட்களும் ஒதுக்க வேண்டும். விமானம் ஏறும் முந்தைய நாள் கிரவுன் ஒட்டுவது நல்ல யோசனை அல்ல.

சிகிச்சைக்கு முன் கேட்க வேண்டிய முக்கியமான கேள்வி ஒன்று உண்டு: கிரவுனைத் தாங்கப் பல் போதுமான அளவு மிஞ்சியிருக்கிறதா? ஈறுக்கு மேல் சுற்றிலும் 2 மில்லிமீட்டர் அளவுக்காவது நலமான பல் இருந்தால் பிடிப்பு உறுதி. அது இல்லாத பல்லுக்குச் செலவழிப்பதைவிட, எடுத்துவிட்டு, பக்கத்துப் பற்களைப் பிடித்துக் கட்டும் பிரிட்ஜ் அல்லது தாடை எலும்பில் பதிக்கும் இம்பிளான்ட் பற்றி யோசிப்பது சிக்கனமாக இருக்கலாம். சர்க்கரை நோய், கர்ப்பம், ஒவ்வாமை, செயற்கை இதய வால்வு எதையும் மறைக்காதீர்கள். ரத்தம் உறைவதைத் தடுக்கும் மாத்திரையை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம். மொழி தடுமாறினால் மொழிபெயர்ப்பாளரை முன்பதிவின்போதே கேளுங்கள். வலித்தால் இடது கையைத் தூக்குவதாகவும் பேசி வைத்துக்கொள்ளலாம், வாய் நிறையக் கருவிகள் இருக்கும்போது எந்த மொழியும் உதவாது.

கிரவுன் வகைகளைப் பற்றி நீண்ட ஆராய்ச்சி தேவையில்லை. கடைவாய்க்குச் சிர்கோனியா என்ற கடினமான பீங்கானோ உலோகமோ உறுதியானவை. முன்பல்லுக்குக் கண்ணாடிப் பீங்கான் அழகு. கிரவுனுக்குச் சொத்தை வராது. ஆனால் அதன் விளிம்பில், பல்லும் கிரவுனும் சேரும் இடத்தில் வரும். அந்த விளிம்பைத் தினமும் பிரஷ்ஷாலும் ஃபிளாஸாலும் சுத்தம் செய்யுங்கள். நிரந்தரக் கிரவுன் வரும்வரை போடும் தற்காலிகக் கிரவுன் இருக்கும்போது ஃபிளாஸை மேலே இழுக்காமல் பக்கவாட்டில் உருவி எடுங்கள். புதிய கிரவுன் மற்ற பற்களுக்கு முன்பே இடித்தால், பழகிவிடும் என்று பொறுக்காமல் திரும்பிப் போய்ச் சரிசெய்துகொள்ளுங்கள். கழன்று விழுந்தால் கழுவிப் பத்திரப்படுத்தி, ஓரிரு நாளில் மருத்துவரிடம் கொண்டுபோங்கள். வீட்டில் இருக்கும் பசையால் ஒட்டிவிடாதீர்கள்.