ஸ்பிளெண்டர் வீட்டிலிருந்து வேறு வண்டிக்கு: கம்பெனி மாறும் முன் பார்க்க வேண்டியவை

"எங்க வீட்ல எப்பவுமே ஹீரோ ஹோண்டாதாண்ணே" என்று சொல்லிக்கொண்டு பட்டறைக்கு வருபவரிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: ஹீரோவா, ஹோண்டாவா? 1984இல் கூட்டுச் சேர்ந்த இரண்டு பேரும் 2010 கடைசியில் பிரிவதாக அறிவித்துவிட்டார்கள். ஸ்பிளெண்டரும் பேஷனும் ஹீரோ பக்கம் நின்றன. ஹோண்டா அதற்கு முன்பே தனியாக யூனிகார்ன் விற்றுக்கொண்டிருந்தது. அப்பா காலத்து விசுவாசத்தை இப்போது யாரிடம் கொண்டுபோய்க் கொடுப்பது? டிவிஎஸ் சுசுகி ஆட்களுக்கு இந்தச் சங்கடம் 2001லேயே வந்துவிட்டது. இன்றைக்கோ யார் வண்டியை யார் செய்கிறார்கள் என்றே சொல்ல முடியாது. பிஎம்டபிள்யூ ஜி 310 ஓசூர் டிவிஎஸ் ஆலையில் செய்த வண்டி. டிரயம்ப் ஸ்பீட் 400 பஜாஜ் செய்வது. ஹார்லி எக்ஸ் 440 ஹீரோவின் கையால் வருவது.

திண்டுக்கல் நத்தம் சாலையில் பட்டறை வைத்திருக்கிறேன். எல்லாக் கம்பெனி வண்டியும் வரும். நான் பார்த்தவரை டேங்கில் ஒட்டியிருக்கும் பெயர் மீது யாருக்கும் அவ்வளவு பாசம் இல்லை. பழகியது மூன்று: கால், மெக்கானிக், ஸ்பேர்ஸ் கடை. இந்த மூன்றையும் மாற்ற வழி தெரிந்துவிட்டால் கம்பெனி மாறுவது பெரிய காரியமே இல்லை. தெரியாமல் மாறியவர்கள்தான் ஆறே மாதத்தில் புது வண்டியை அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிட்டுப் பழைய கம்பெனிக்கே ஓடுகிறார்கள்.

ஷோரூமுக்கு முன்னால் ஸ்பேர்ஸ் கடை

வாங்க நினைக்கும் வண்டியின் பெயரைச் சொல்லி, உங்கள் ஊர் ஸ்பேர்ஸ் கடையில் போய் நில்லுங்கள். கிளட்ச் கேபிள், பிரேக் பேட், ஏர் ஃபில்டர், செயின் ஸ்ப்ராக்கெட் செட், ஒரு பக்க இண்டிகேட்டர். இந்த ஐந்தையும் விலை கேளுங்கள். விலையைவிட முக்கியம், கடைக்காரர் எப்படிப் பதில் சொல்கிறார் என்பது. கையை நீட்டி அலமாரியிலிருந்து எடுத்துக் காட்டினால் கவலை இல்லை. "ஆர்டர் போட்டா நாலு நாள்ல வந்துரும்" என்றால், அந்த நாலு நாளும் வண்டி என்னைப் போன்ற ஒருவன் பட்டறையில் ஸ்டாண்டு போட்டு நிற்கும் என்று அர்த்தம். வண்டியை நம்பிப் பிழைப்பு நடத்துபவருக்கு இது ஒத்துவராது. ஸ்பிளெண்டருக்கு டீக்கடை பக்கத்துப் பெட்டிக்கடையில்கூட பாகம் கிடைக்கும் என்று கிண்டலாகச் சொல்வார்கள். அதில் பாதி உண்மை.

ஹெட்லைட்டையும் விசாரியுங்கள். பழைய வண்டியில் பல்பு போனால் பல்பு மட்டும் மாற்றுவோம். எல்இடி வண்டிகள் பலவற்றில் உள்ளே ஏதாவது போனால் முழு யூனிட்டையே கழற்றி மாற்ற வேண்டியிருக்கும். விலை கேட்டால் தலை சுற்றும்.

அடுத்து மெக்கானிக். இங்கே ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். மெக்கானிக்கிடம் எந்த வண்டி வாங்கலாம் என்று கேட்டால், அவனுக்குக் கைவந்த வண்டியைத்தான் சொல்வான். நானும் அப்படித்தான். அதனால் எங்கள் பேச்சில் கொஞ்சம் கழித்துக்கொள்ளுங்கள். கேட்க வேண்டிய கேள்வி வேறு: "இந்த வண்டி உங்ககிட்ட எத்தனை வருது? ஸ்கேனர் வெச்சிருக்கீங்களா?" 2020 ஏப்ரலில் பிஎஸ் 6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்த பிறகு புது வண்டி பெரும்பாலும், கார்புரேட்டருக்குப் பதில் கம்ப்யூட்டர் அளந்து பெட்ரோல் பீய்ச்சும் இன்ஜெக்‌ஷன்தான். மஞ்சள் எஞ்சின் விளக்கு எரிந்தால் ஸ்குரூ டிரைவரும் காதும் போதாது.

வாரண்டி முடியும்வரை கம்பெனி சர்வீஸ்தான் என்பதால், அந்த சர்வீஸ் சென்டர் எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். நம் ஊரில் இல்லாமல் மதுரைக்குத்தான் போக வேண்டும் என்றால் போக வர 130 கிலோமீட்டர், ஒரு நாள் வேலை போச்சு. அது வருடத்தில் எத்தனை முறை என்று கணக்குப் போட்டுவிட்டு முன்பணம் கட்டுங்கள்.

கால்தான் கஷ்டம்

இதைப் பற்றி யாரும் எச்சரிப்பதில்லை. ஷோரூமில் மைலேஜ் சொல்வார்கள், டிஸ்கவுண்ட் சொல்வார்கள், கியர் போடும் முறை மாறும் என்பதை மட்டும் சொல்ல மாட்டார்கள்.

ஸ்பிளெண்டரில் நாலு கியரும் முன்பக்கம் மிதிப்பது. நியூட்ரலிலிருந்து மிதிக்க மிதிக்க 1, 2, 3, 4. குறைக்க வேண்டுமானால் குதிகாலால் பின்பக்கம் மிதிக்க வேண்டும். யூனிகார்ன், பல்சர் 150, அப்பாச்சி எல்லாம் வேறு: கீழே ஒன்று, மேலே நாலு. முதல் கியருக்கு மட்டும் மிதிக்க வேண்டும், மற்றதெல்லாம் கால் நுனியால் தூக்க வேண்டும். ஸ்பிளெண்டரில் கியரைக் கூட்டுகிற அதே மிதி, இங்கே கியரைக் குறைக்கும்.

நத்தம் பக்கம் மாந்தோப்பு வைத்திருக்கும் ஒருவர், வயது ஐம்பதுக்கு மேல், மகன் பேச்சைக் கேட்டு 160 சிசி வண்டி எடுத்தார். "வண்டி திடீர்னு இழுத்துப் பிடிக்குது தம்பி, பின் சக்கரம் கத்துது" என்று கொண்டுவந்து விட்டார். பிரேக்கைக் கழற்றிப் பார்த்தேன், செயினைப் பார்த்தேன், ஒன்றுமில்லை. அவரைப் பின்னால் உட்காரவைத்து நான் ஓட்டினேன், ஒன்றுமில்லை. அவரை ஓட்டச் சொல்லிப் பின்னால் உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது. மூன்றாவது கியரில் நன்றாகத்தான் போனார். வேகம் ஏறியதும் நாலாவதுக்குப் போக இடது கால் தன்னால் மிதித்தது. வண்டி இரண்டாவதுக்கு இறங்கியது. எஞ்சின் அலறியது, பின் டயர் தேய்ந்துகொண்டே கோணிக்கொண்டது. "இதாந்தம்பி, இதாந்தம்பி!" என்று அவர் கத்துகிறார். அவருக்கு மூளையில் புது வண்டி, காலில் பழைய வண்டி. மழை பெய்து ரோடு ஈரமாக இருந்திருந்தால் இரண்டு பேரும் கீழே கிடந்திருப்போம்.

இதற்கு மருந்து பழக்கம் ஒன்றுதான். ஞாயிற்றுக்கிழமை காலை காலி மைதானத்துக்குப் போங்கள். கியரை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே போடுங்கள்: "ஒன்று, தூக்கு இரண்டு, தூக்கு மூன்று, மிதி இரண்டு." சின்னப்பிள்ளை விளையாட்டு மாதிரி இருக்கும், பரவாயில்லை. நின்ற இடத்தில் நியூட்ரல் தேடுவதைத் தனியாகப் பழகுங்கள். ஸ்பிளெண்டரில் குதிகாலால் மிதித்துக்கொண்டே வந்தால் கடைசியில் நியூட்ரல். இங்கே மிதித்துக்கொண்டே வந்தால் கடைசியில் முதல் கியர். நியூட்ரல் முதலுக்கும் இரண்டுக்கும் நடுவில், பாதித் தூக்கலில் இருக்கிறது. சிக்னலில் நின்று கிளட்சை விட்டுவிட்டு முன்னால் நிற்கும் ஆட்டோவில் போய் இடிப்பவர்கள் பெரும்பாலும் இதில் மாட்டியவர்கள்தான்.

முதல் சில வாரம் பழைய வண்டியையும் புது வண்டியையும் மாற்றி மாற்றி ஓட்டாதீர்கள். "ரெண்டும் கைல இருந்தா நல்லதுதானே" என்பார்கள். கால் எதையும் உருப்படியாகக் கற்காது. பழையதை வீட்டில் வேறு யாரிடமாவது கொடுத்துவிடுங்கள். இன்னொன்று, செருப்பு. ஹவாய் செருப்போடு கியரைத் தூக்கித் தூக்கிப் போட்டால் பாதத்தின் மேல்தோல் உரிந்துவிடும். ஷூ போடுங்கள், இல்லையென்றால் முன்பக்கம் மூடிய செருப்பாவது.

பழைய புல்லட்காரர்களுக்கு இது இன்னும் மோசம். இரும்பு எஞ்சின் புல்லட்டில் கியர் வலது காலில், பிரேக் இடது காலில். அதில் கால் நூற்றாண்டு ஓட்டியவர் வேறு எந்த வண்டியில் ஏறினாலும் அவசரத்துக்கு மிதிப்பது கியரைத்தான். ராயல் என்ஃபீல்டே பின்னாளில் எல்லா வண்டியிலும் கியரை இடது பக்கம் கொண்டுவந்துவிட்டது. ஆக, அதே கம்பெனியிலேயே இருந்தாலும் அவருக்கு மாற்றம் மாற்றம்தான்.

பிரேக்கும் அப்படியே. டிரம் பிரேக்கில் பழகியவர்கள் முன் பிரேக்கைப் பிடிப்பதே இல்லை, எல்லாம் வலது கால்தான். டிஸ்க் வண்டியில் அது வீண். ஆனால் பழகாமல் முன் பிரேக்கை மொத்தமாகக் கவ்வினால், மணல் கிடக்கும் இடத்தில் வழுக்கும். இரண்டு விரலால் மெதுவாக அழுத்தத் தொடங்கிப் பிறகு கூட்டுங்கள். 125 சிசிக்கு மேல் உள்ள வண்டிகளுக்கு 2019 ஏப்ரல் முதல், பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் கட்டாயம். ஆனால் பலவற்றில் அது முன் சக்கரத்துக்கு மட்டும்தான். பின் சக்கரம் பூட்டிக்கொண்டால் யாரும் காப்பாற்ற வர மாட்டார்கள்.

ஓட்டிப் பார்ப்பது

ஷோரூம் வாசலிலிருந்து அடுத்த யூ டர்ன் வரை போய்வருவது டெஸ்ட் ரைடு இல்லை. அதே வண்டி வைத்திருக்கும் தெரிந்தவர் யாரையாவது பிடியுங்கள். எங்கள் ஊர்க்காரர்களை நான் சிறுமலைக்கு அனுப்புவேன். 18 கொண்டை ஊசி வளைவு இருக்கிறது. பின்னால் ஆள் ஏற்றிக்கொண்டு மேலே போய்த் திரும்பி வந்தால் பிக்கப், பிரேக், எஞ்சின் சூடு, கை வலி எல்லாம் தெரிந்துவிடும். பின்னால் ஏற்றுவது தினமும் உங்களோடு வருபவராகவே இருக்கட்டும். வீட்டில் புடவை கட்டி உட்காருபவர் இருந்தால் அவர் சொல்வதுதான் தீர்ப்பு. கைப்பிடி கைக்கு எட்டுகிறதா, கால் வைக்க இடம் இருக்கிறதா, ஸாரி கார்டு சரியாக மூடுகிறதா என்று அவரையே பார்க்கச் சொல்லுங்கள்.

பிறகு எஞ்சினை அணைத்துவிட்டு வண்டியைப் பின்பக்கமாகத் தள்ளிப் பாருங்கள். ஸ்பிளெண்டர் 112 கிலோ, கிளாசிக் 350 என்றால் 195 கிலோ. ஓட்டும்போது தெரியாத அந்த வித்தியாசம், வீட்டு வாசல் சரிவில் ஏற்றும்போது தெரியும்.

கார்புரேட்டர் வண்டியிலிருந்து வருபவர்களுக்கு இரண்டு விஷயம். பெட்ரோல் டேப் இருக்காது, ரிசர்வுக்குத் திருப்பும் வேலையும் இல்லை. மீட்டர் மின்னினால் பங்க் பாருங்கள். டேங்கைக் காயவிட்டே ஓட்டினால் உள்ளே இருக்கும் பம்ப் சூடாகிக் கெடும். பேட்டரி சுத்தமாக இறங்கிவிட்டால் தள்ளி ஸ்டார்ட் செய்வதும் நடக்காது. நாலு பேரைக் கூப்பிட்டுத் தள்ளவைத்து வியர்க்காதீர்கள்.

காசுக் கணக்கு

மாதம் 1,000 கிலோமீட்டர் ஓடுபவர், லிட்டருக்கு 60 கொடுத்த வண்டியிலிருந்து 35 கொடுக்கும் வண்டிக்கு மாறினால் ஏறக்குறைய 12 லிட்டர் கூடப் போகும். லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தால் மாதம் 1,200 ரூபாய். டியூவோடு இதையும் கூட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். தாங்கும் என்றால் தாராளமாக வாங்குங்கள், வண்டி ஓட்டுவதில் கொஞ்சம் சந்தோஷமும் வேண்டும்தானே.

பழைய வண்டியை எக்ஸ்சேஞ்சில் விட்டாலும் கன்சல்டிங்கில் (பழைய வண்டி வாங்கி விற்பவரிடம்) விட்டாலும், பெயர் மாற்றத்துக்கான 29, 30 படிவங்களில் தேதி போடாமல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு மறந்துவிடாதீர்கள். ஆர்சியில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர் என்று 2018இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. நீங்கள் விற்ற வண்டி கைமாறிக் கைமாறிப் போய் எங்கோ மோதினால் நோட்டீஸ் உங்கள் வீட்டுக்குத்தான் வரும். கொடுத்த தேதி, நேரம், வாங்கியவர் அடையாள அட்டை நகல் ஆகியவற்றோடு ஒரு டெலிவரி கடிதம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அப்புறம் அரசின் பரிவாகன் இணையதளத்தில் பெயர் மாறிவிட்டதா என்று அடிக்கடி பாருங்கள். பழைய கடன் அடைத்தும் ஆர்சியில் வங்கி பெயர் நீங்கவில்லை என்றால், வங்கியின் தடையில்லாச் சான்றோடு 35ஆம் படிவம் கொடுத்து முதலில் அதை நீக்க வேண்டும்.

பலர் கோட்டைவிடுவது நோ கிளைம் போனஸ், அதாவது கிளைம் எடுக்காமல் ஓட்டியதற்கு இன்ஷூரன்ஸில் கிடைக்கும் தள்ளுபடி. அது வண்டிக்கு உரியது இல்லை, உங்களுக்கு உரியது. கம்பெனி மாறினாலும் கூடவே வரும். ஐந்து வருடம் தொடர்ந்து கிளைம் எடுக்காதவருக்கு ஓன் டேமேஜ் (நம் வண்டிக்கு ஆகும் சேதத்துக்கான) பிரீமியத்தில் 50 சதவீதம் குறையும். பழைய வண்டியை விற்றதும் இன்ஷூரன்ஸ்காரரிடம் அதற்கான சான்று எழுதி வாங்குங்கள், மூன்று வருடம் வரை செல்லும். அடுத்தவருக்கு ஆகும் நஷ்டத்துக்கான தேர்ட் பார்ட்டி இன்ஷூரன்ஸ் மட்டும் போட்டு ஓட்டியவர்களுக்கு இது கிடையாது.

புது வண்டி வந்த முதல் மாதம் டீக்கடையில் ஆளாளுக்கு "மைலேஜ் என்ன தருது?" என்று கேட்பார்கள். முதல் சர்வீஸ் முடியும்வரை பதில் சொல்லாதீர்கள், நீங்களும் அளக்காதீர்கள். எஞ்சின் பழகும் காலம் அது. சர்வீஸுக்குப் பிறகு ஒரே பங்கில் ஃபுல் டேங்க் போட்டு, ட்ரிப் மீட்டரை ஜீரோவாக்கி, டேங்க் பாதியானதும் அதே பங்கில் திரும்ப ஃபுல் செய்து, ஓடிய தூரத்தைப் போட்ட லிட்டரால் வகுங்கள். மீட்டரில் கம்பெனி காட்டும் எண்ணை நம்ப வேண்டாம். அந்த நேரத்திலேயே செயின் தளர்ந்திருக்கும், அதையும் இறுக்கிவிட்டுப் போங்கள்.