நின்ற தவணை திரும்பி வந்த கதை

லண்டனில் வேலை பறிபோனபின், ஏகாஸ் (Acas, பிரிட்டனில் வேலைத் தகராறுகளைத் தீர்த்துவைக்கும் அமைப்பு) சமரசத்தில் கையெழுத்தான ஒப்பந்தப்படி பழைய நிறுவனத்திடமிருந்து மாதத் தவணை வந்துகொண்டிருந்தது. மூன்றாவதோடு நின்றது. "தொகையை வெளியில் சொல்லிவிட்டீர்கள், இனி ஒரு பென்னியும் கிடையாது" என்று நிறுவனத்திடமிருந்து ஒற்றை வரி மின்னஞ்சல். நான் சொன்னது என் மனைவியிடம் மட்டும். அதற்கு ஒப்பந்தத்திலேயே இடம் இருந்தது!

கோபத்தை அடக்கிக்கொண்டு ஒப்பந்தத்தை எழுத்தெண்ணிப் படித்தேன். இரகசியம் மீறினால் பணம் நிற்கும் என்று எங்கும் இல்லை. இதே மாதிரியான வழக்கொன்றில், இரகசியம் காக்கச் சொல்லும் பிரிவு ஒப்பந்தத்தின் உயிர்நாடி அல்ல, அதைக் காட்டித் தவணையை நிறுத்த முடியாது என்று இங்கிலாந்து உயர் நீதிமன்றம் 2020இல் தீர்ப்பளித்திருந்தது. அதைச் சுட்டி, 14 நாள் கெடு வைத்து நிறுவனத்துக்குக் கடிதம் அனுப்பினேன். பதிலே இல்லை. கவுண்டி நீதிமன்றத்தில் மனுப் போட்டேன். அடுத்த வாரமே பாக்கி முழுவதும் வங்கிக் கணக்குக்கு வந்துவிட்டது. வட்டி கேட்க மறந்தது என் தவறுதான்.